நனைந்த சாலையில் டயருக்குப் பிடிமானம்

நேயர்களுக்கு வணக்கம். சாலைப் பராமரிப்பு என்றதும் பள்ளம் மூடுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சாலை நன்றாக இருக்கும்போதே, தண்ணீர் உள்ளே இறங்கிவிடாதபடி மேற்பரப்பை அடைத்து வைப்பது தடுப்புப் பராமரிப்பு. அவசியமான வேலைதான். ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் டயருக்கு வேண்டிய பிடிமானமும் அதோடு போய்விடும்.

ஈரச் சாலையில் பிடிமானம் தருபவை இரண்டு. ஜல்லியின் முகத்திலுள்ள நுண்ணிய சொரசொரப்பு ஒன்று. ஜல்லிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மற்றொன்று. சொரசொரப்பு தேய்ந்தால் மெதுவாகப் போனாலும் வழுக்கும். இடைவெளி அடைபட்டால் டயருக்கு அடியில் சிக்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல், வேகம் கூடக்கூட வழுக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும் வண்டி, உராய்வுக் கெழு (டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பைக் காட்டும் எண்) 0.6 இருந்தால் சுமார் 24 மீட்டரில் நிற்கும், 0.3 ஆகிவிட்டால் 47 மீட்டர் ஓடும். ஓட்டுபவர் சுதாரிக்கும் நேரம் இதில் சேரவில்லை.

இடைவெளியை அளப்பது எளிது. காய்ந்த சாலையைப் பிரஷ்ஷால் துடைத்து, 50 மில்லிலிட்டர் நுண்மணலைக் கொட்டி, தட்டையான வட்டையால் வட்டமாகப் பரப்புங்கள். வட்டத்தின் விட்டம் 25 சென்டிமீட்டர் என்றால் சராசரி ஆழம் 1 மில்லிமீட்டர். 40 சென்டிமீட்டர் வரை பரவினால் 0.4 தான். ஜல்லியின் வழவழப்பை இந்த மணல் காட்டாது. அதற்கு, ரப்பர் பட்டையை ஊசல் போல ஆட்டிச் சாலையில் உரசவிட்டுப் பிடிப்பை அளக்கும் ஊசல் கருவி வேண்டும்.

ஏற்கெனவே மழுங்கிய சாலையில் வெறும் எமல்ஷனை, அதாவது தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்த தாரை, தெளிப்பது ஆபத்து. இருக்கிற கொஞ்ச இடைவெளியையும் அது நிரப்பிவிடும். விரிசல் அடைக்கும்போதும் தாரை அகலமாக இழுக்கக் கூடாது. மழையில் அந்தக் கறுப்புப் பட்டையில்தான் இருசக்கர வண்டிகள் சறுக்கும்.

பிடிமானத்தை மீட்டுத் தருவதில் நான் முதலில் சொல்வது, தார் எமல்ஷன் தெளித்து, மேலே சிப்ஸ் எனப்படும் சிறு ஜல்லியைப் பரப்பும் முறை. இதில் கவனம் நிறைய வேண்டும். எமல்ஷன் பழுப்பாக இருக்கும்போதே சிப்ஸ் விழ வேண்டும், கறுத்துவிட்டால் ஒட்டாது. தூசி படிந்த சிப்ஸும் ஒட்டாது. இரும்பு ரோலர் கல்லை நொறுக்கும் என்பதால் டயர் ரோலரே நல்லது. தார் குறைந்தால் கல் பெயர்ந்து தெறிக்கும். கூடினால் சக்கரம் ஓடும் தடத்தில் கல் அமிழ்ந்து, வெயிலில் தார் மேலே கசிந்து கண்ணாடி போலாகும். கல்லின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாரில் புதைந்திருப்பதே அளவு. எளிதில் வழவழப்பாகும் சுண்ணாம்புக்கல்லைத் தவிர்க்க வேண்டும். எவ்வளவு நேர்த்தியாகப் பரப்பினாலும் போக்குவரத்து அதை மழுக்கிவிடும்.

ஒட்டாத கற்கள் புதுச் சாலையில் உருளைகளாகி வண்டியைச் சறுக்கவிடும். தார் இறுகிய பிறகு அவற்றைப் பெருக்கி எடுக்க வேண்டும். பெருக்கி முடியும்வரை வேகக் கட்டுப்பாட்டுப் பலகையை அகற்றக் கூடாது.