பேரன்களுக்காகக் கட்டிய அரங்கம்

நேயர்களே, வணக்கம். ரோமானியர் கட்டிய அரங்கம் என்றதும் பலருக்கு வாள்சண்டையும் சிங்கமும்தான் ஞாபகம் வரும். அது வேறு கட்டடம். முட்டை வடிவத்தில், சுற்றிலும் இருக்கைகளோடு இருக்கும். நான் இன்று சொல்லப்போவது நாடக அரங்கைப் பற்றி. அரைவட்டமாகப் படி படியாக இருக்கைகள், எதிரே மேடை, மேடைக்குப் பின்னால் தூண்கள் நிறுத்திய உயரமான சுவர். ஊர், ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் கார்த்தஹேனா. கொலம்பியாவில் அதே பெயரில் இன்னோர் ஊர் இருக்கிறது, விமான டிக்கெட் எடுக்கும்போது கவனம்.

கி.மு. 227 வாக்கில், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக்காரர்கள் நிறுவிய நகரம் இது. கி.மு. 209இல் ரோமானியத் தளபதி ஸ்கிபியோ இதைப் பிடித்தார். இயற்கையே அமைத்துக் கொடுத்த துறைமுகம் ஒரு காரணம். இன்னொன்று வெள்ளி. பக்கத்துச் சுரங்கங்களில் 40,000 பேர் வேலை செய்ததாகப் பொலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் அடிமைகள்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் வளர்ந்த ஊர், பளிங்கு வைத்து அரங்கம் கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. அத்தனை பெரிய அரங்கம் அங்கே இருப்பது 1988 வரை தெரியாது. சுமார் ஆறாயிரம் பேர் உட்காரக்கூடிய கட்டடம் எப்படி மறையும்? மெல்ல மெல்லத்தான். 5ஆம் நூற்றாண்டில் மேடையின் மேலேயே ஒரு சந்தை எழும்பியது. அரங்கத்தின் கல்லை எடுத்தே சந்தையைக் கட்டினார்கள். பிறகு பைசாந்தியர், அதாவது கிழக்கு ரோமானியர் காலத்து வீடுகள், அப்புறம் இஸ்லாமியர் காலத்துக் குடியிருப்பு. 13ஆம் நூற்றாண்டில் மேல் வரிசை இருக்கைகளின் தலையில் ஒரு தேவாலயம் ஏறி உட்கார்ந்தது. கடைசியில் மீனவர்களின் குடியிருப்பு. இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக மண்ணும் சுவரும் ஏறிக்கொண்டே போனதில், கைவினைப் பொருட்களுக்கு ஒரு மையம் கட்டலாம் என்று இடம் தோண்டியபோதுதான் அரங்கம் தட்டுப்பட்டது. (வாள்சண்டை அரங்கமும் இதே ஊரில் உண்டு. அது காளைச் சண்டை மைதானத்துக்கு அடியில் போய்விட்டது. ஒரு வகையில் தொழில் மாறவில்லை!)

இப்போது போகிறவர்கள் நேராக அரங்கத்துக்குள் நுழைய முடியாது. நகராட்சி மாளிகைக்கு எதிரில் உள்ள ஒரு பழைய மாளிகைதான் வாசல். ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் ரஃபயேல் மொனேயோ வடிவமைத்து, 2008இல் திறந்த அருங்காட்சியகம் அது. தெருவுக்கு அடியில் ஒரு நடைபாதை வழியாக அடுத்த கட்டடத்துக்குப் போய், நகரும் படிக்கட்டில் மாடி மாடியாக ஏற வேண்டும். கடைசியில் தேவாலயத்துக்கு அடியிலேயே குடைந்த ஒரு வழி. அது முடியும் இடத்தில் சட்டென்று வெயில். காலடியில் மொத்த அரைவட்டமும் சரிந்து கிடக்கிறது. சன்னிதிக்குப் போகும் முன் பிராகாரங்களைக் கடக்க வைப்பதுபோல, அவசரமாகப் பார்த்துவிட்டு ஓட நினைக்கிறவரையும் இந்த வழி நிதானப்படுத்திவிடுகிறது.

இருக்கைகளில் பெரும்பகுதி, மலைச்சரிவின் பாறையிலேயே வெட்டியது. மேடைச் சுவரில் இளஞ்சிவப்புத் தூண்களுக்கு முலா என்ற பக்கத்து ஊரின் கல், அவற்றின் தலைப்பகுதிக்கு இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த வெண்பளிங்கு. உள்ளூர்க் கல் உடம்புக்கு, தலைநகரத்துப் பளிங்கு தலைக்கு. யார் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பதற்கு ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் சட்டமே போட்டிருந்தார். பிரமுகர்கள் மேடைக்கு அருகே, சாமானியர் உச்சியில். உச்சியில் நின்று பார்த்தேன். காட்சி ஒன்றும் குறைவில்லை, கடற்காற்று உபரி.

தேவாலயம் 1936–39 ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குண்டுபட்டு இடிந்துபோய், கூரையில்லாமல் நிற்கிறது. அதையும் அகற்றி அரங்கத்தை முழுசாகக் காட்டாமல் விட்டது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் மீனவர் வீடுகளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவை போய்த்தான் அரங்கம் வெளியே வந்தது.

சரி, இந்த அரங்கத்தை யாருக்காகக் கட்டினார்கள்? கி.மு. 5க்கும் 1க்கும் இடையில் கட்டிய இதன் கல்வெட்டுகளில் இரண்டு பெயர்கள்: காயஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் ஜூலியா பெற்ற பிள்ளைகள். மகன் இல்லாத அகஸ்டஸ், பேரன்களையே தத்தெடுத்து வாரிசாக்கினார். அப்போது இருவரும் இளைஞர்கள், அடுத்த பேரரசர்கள் என்று எல்லோரும் நம்பியவர்கள். தொலைவில் இருக்கும் ஒரு நகரம் தலைநகரத்தின் கண்ணில் பட இதைவிட என்ன வழி? ஆனால் கி.பி. 2இல் மார்சேய் நகரில் லூசியஸ் இறந்தார். கி.பி. 4இல், ஆர்மீனியப் போரில் பட்ட காயத்தால் காயஸும் போய்விட்டார். ஆட்சி, அகஸ்டஸின் மனைவிக்கு முதல் திருமணத்தில் பிறந்த திபேரியஸ் கைக்குப் போனது.

இந்த இரண்டு பையன்களையும் நம் ஊர் மண்ணும் அறியும். பேரன்களை அறிமுகப்படுத்த அகஸ்டஸ் ஒரு வெள்ளிக்காசு வெளியிட்டார். ஃபிரான்சின் லியோன் நகரில் அச்சிட்டது. கோவை வட்டாரத்தில் கிடைத்த ரோமானியக் காசுப் புதையல்களில் அடிக்கடி தென்படும் வகைகளில் இதுவும் ஒன்று. மிளகுக்கும் படியூர்ப் பக்கத்து நீலப்பச்சைக் கல்லுக்கும் விலையாக வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் இறந்த பிறகும் இந்தக் காசு இங்கே புழங்கியது. நம் வியாபாரிகளுக்குப் பழகிய, வெள்ளி குறையாத காசு என்பதால் ரோமானியர் அதையே தேர்ந்து அனுப்பினார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்கே வாரிசு மாறியது, இங்கே செலாவணி மாறவில்லை.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ரோமானியக் காசுகள் இருக்கின்றன. எங்கேயாவது இந்தக் காசைப் பார்க்க நேர்ந்தால், ஒரு பக்கம் இலைமாலை சூடிய அகஸ்டஸ் தலை இருக்கும். மறுபக்கம் இரண்டு பேர் கேடயத்தில் கைவைத்து நிற்பார்கள், மேலே பூசாரிகளின் கரண்டியும் வளைகோலும். அவர்கள்தான் காயஸும் லூசியஸும். நன்றி, வணக்கம்.