காலை வாங்கினோம், வாயை வாங்கவில்லை

நடுவர் அவர்களே, எதிரணியில் அழுத்தமாகப் பேசி அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, முல்லை நகர் கிரவுண்டில் ஆட்டம் முடித்த கையோடு, பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

தொழில்முறைக் கால்பந்தில் வீரர்கள் அரசியல் எதிர்ப்பைக் காட்டுவது ரசிகனுக்குச் செய்யும் அநியாயமா, இல்லையா? இதுதான் தலைப்பு. அநியாயம் இல்லை என்று பேச வந்திருக்கிறேன். 'டிக்கெட் வாங்கியது ஆட்டம் பார்க்க, அரசியல் பார்க்க இல்லை' என்றார் எதிரணியில் முதலில் பேசிய அண்ணன். 'விதியே தடுக்கிறது' என்றார் அடுத்தவர். 'நாட்டுப்பண்ணுக்கு அவமரியாதை, பலனும் இல்லை, ரசிகர்கள்தான் ரெண்டாப் பிரிஞ்சாங்க' என்று முடித்தார் அணித் தலைவர்.

டிக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். 2021 ஜூன் 2, மிடில்ஸ்பரோ. இங்கிலாந்தும் ஆஸ்திரியாவும் மோதுகின்றன. நிறவெறியை எதிர்த்து இங்கிலாந்து வீரர்கள் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றுகிறார்கள். அதைப் பார்த்துச் சொந்த ரசிகர்களில் ஒரு பகுதி கூச்சலிட்டது. இன்னொரு பகுதி அந்தக் கூச்சலை அமுக்கக் கை தட்டியது. அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன்: வீரர்கள் முழங்காலிட்டது எப்போது? விசில் ஊதுவதற்கு முன்னால். பந்து நடுப்புள்ளியில் அப்படியே இருக்கிறது. 90 நிமிடத்தில் ஒரு நொடிகூடக் குறையவில்லை. டிக்கெட்டுக்கு உரிய ஆட்டம் முழுதாகக் கிடைத்தது. அந்த ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் புகாயோ சாகா.

அதே சாகா ஜூலை 11 அன்று வெம்ப்ளியில், ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசிப் பெனால்டியை அடிக்க வந்தார். வயது 19. இத்தாலி கோல்கீப்பர் தடுத்துவிட்டார். அதற்கு முன் சக வீரர்கள் ராஷ்ஃபோர்டு அடித்தது கம்பத்தில் பட்டது, சாஞ்சோ அடித்தது தடுக்கப்பட்டது. அன்றிரவே மூன்று பேர் மீதும் தோல் நிறத்தைச் சொல்லி வசை குவிந்தது. முழங்காலிட்டு அவர்கள் எதைச் சொன்னார்களோ, அது ஐந்தே வாரத்தில் அவர்கள் தலையிலேயே விழுந்தது. 'மைதானத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதே' என்று யாரிடம் சொல்ல வேண்டும் அண்ணே? முழங்காலிட்ட பையனிடமா, அவன் நிறத்தைத் திட்டியவனிடமா? ஒருவனுடைய காலைத்தான் கிளப் சம்பளம் கொடுத்து வாங்குகிறது, நாம் டிக்கெட் கொடுத்துப் பார்க்கிறோம். வாயை யாரும் வாங்கவில்லை.

இதை நம்ம வடசென்னையில் விளக்கவே வேண்டியதில்லை. பக்கத்துப் பெரம்பூர் மில் தொழிலாளிகளை வைத்து 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதே, அன்றைக்கும் 'கூலி வாங்கினாயா, வேலையைப் பார்' என்றுதான் சொன்னார்கள். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி. 1995-ல் லிவர்பூல் துறைமுகத்தில் சுமார் 500 தொழிலாளிகள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். சக தொழிலாளிகளின் மறியல் வரிசையைத் தாண்டி உள்ளே போக மறுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம். 1997 மார்ச்சில் லிவர்பூல் வீரர் ராபி ஃபவுலர் நார்வேயின் பிரான் அணிக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு ஜெர்சியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே, அந்தத் தொழிலாளிகளை ஆதரிக்கும் பனியன். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 2,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டது. கட்டினார். லிவர்பூலில் பிறந்து வளர்ந்தவர், தன் ஊர்த் தொழிலாளிக்காகப் பேசினார். அது ரசிகனுக்கு அநியாயமா? அந்த மைதானத்தின் ரசிகனே அந்தத் தொழிலாளிதானே! இதே ஃபவுலர்தான் பிற்பாடு 2020-ல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிப் பயிற்சியாளராக இந்தியாவுக்கு வந்தார். நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் 2023-ல் மோகன் பகானுக்கு எதிராகக் கோல் அடித்தாரே, அந்த ஈஸ்ட் பெங்கால்.

அடுத்து விதி. விதியை நான் மறுக்கவில்லை. ஆட்டவிதி 4, ஆடையில் அரசியல், மத, தனிப்பட்ட வாசகம் கூடாது என்கிறது. ஆட்டவிதி 12, ஜெர்சியைக் கழற்றினாலோ, அதைத் தூக்கித் தலையை மூடினாலோ மஞ்சள் கார்டு என்கிறது. இந்த இரண்டையும் எதிரணி ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது. 2020 மே 31, ஜெர்மனியில் டோர்ட்மண்ட் அணி. அமெரிக்காவில் போலீஸ் கொன்ற கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டுக்கு நீதி கேட்கும் பனியனை, அப்போது அங்கே ஆடிய அதே சாஞ்சோவும் காட்டினார், சக வீரர் ஹக்கீமியும் காட்டினார். சாஞ்சோ ஜெர்சியைக் கழற்றினார், மஞ்சள் கார்டு. ஹக்கீமி கழற்றாமல் தூக்கிக் காட்டினார், கார்டு இல்லை. ஆக நடுவர் கொடுத்த கார்டு ஜெர்சிக்கு, வாசகத்துக்கு இல்லை. வாசகத்துக்கான தண்டனையை ஆட்டம் முடிந்தபின் சங்கம்தான் முடிவு செய்யும். அந்த வாரம் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவே 'நிதானமாக யோசித்துச் செயல்படுங்கள்' என்றது. ஜெர்மன் சங்கம் யாரையும் தண்டிக்கவில்லை.

ஆனால் அதே ஃபிஃபா 2022 கத்தார் உலகக் கோப்பையில் என்ன செய்தது? ஏழு ஐரோப்பிய அணிகளின் கேப்டன்கள் பாகுபாட்டை எதிர்க்கும் 'ஒன் லவ்' கைப்பட்டை கட்ட இருந்தார்கள். அபராதம் என்றால் கட்டிவிடுகிறோம் என்று தயாராகத்தான் இருந்தார்கள். அபராதம் இல்லை, ஆட்டத்திலேயே தண்டனை என்று மிரட்டல் வந்தது. மஞ்சள் கார்டு என்றால் என்னவென்று இங்கே ஆடுகிற பிள்ளைகளுக்குத் தெரியும். விசில் ஊதும்போதே ஒரு கார்டோடு நின்றால், ஒரு தாமதமான டேக்கிள் போதும், இரண்டாவது கார்டு வாங்கி வெளியே போக வேண்டும், மீதி நேரம் பத்துப் பேர். அந்த உலகக் கோப்பையில் காலிறுதி முடிவதற்குள் இரண்டு ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் என்றாலும் அடுத்த ஆட்டம் கிடையாது. ஏழு அணிகளும் பட்டையைக் கழற்றி வைத்தன. அதே ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்து பிரீமியர் லீக் கேப்டன்கள் உக்ரைன் கொடி நிறத்தில் பட்டை கட்டினார்கள், யாரும் தடுக்கவில்லை. ரஷ்ய அணிகளை வெளியே அனுப்பியதும் ஃபிஃபாதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே இருப்பவர்கள் பேசலாம், ஆடுகிறவன் பேசக் கூடாது என்று இதற்கு அர்த்தம் வருகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

நாட்டுப்பண்ணுக்கு வருகிறேன். அணித் தலைவர் சொன்ன உதாரணம் கோலின் கேப்பர்னிக். கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து வீரர். 2016 ஆகஸ்டில், கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையை எதிர்த்து, நாட்டுப்பண் இசைக்கும்போது உட்கார்ந்திருந்தார். இதுவரை அணித் தலைவர் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. நேட் பாயர் என்ற முன்னாள் ராணுவ வீரர் அவரைச் சந்தித்துப் பேசினார். உட்காருவது மனத்தைப் புண்படுத்துகிறது, உயிர்விட்ட தோழனின் கல்லறை முன்னால் ராணுவத்தான் முழங்காலிடுவான், நீயும் அப்படிச் செய் என்று யோசனை சொன்னார். செப்டம்பர் 1 அன்று கேப்பர்னிக் முழங்காலிட்டார். ஆகவே உலகம் முழுக்கப் பரவிய அந்த முழங்கால், ஒரு ராணுவ வீரரின் மனக்குறைக்குக் காது கொடுத்து மாற்றிக்கொண்ட வடிவம். மரியாதையைத் தேடிப் போனவனை அவமதித்தான் என்பது எப்படிச் சரி? அந்தப் பருவம் முடிந்தபின் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. இன்னொரு பக்கம், மைதானங்களில் தேசபக்தி நிகழ்ச்சி நடத்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளுக்குப் பணம் கொடுத்திருந்ததை, 2015-ல் இரண்டு செனட்டர்களின் அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. 68 லட்சம் டாலர். பணம் வாங்கிக்கொண்டு காட்டியது விளையாட்டாம், வேலையை இழந்து காட்டியது அரசியலாம்!

எதிரணி சொன்னதில் ஒன்றை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எல்லா ஆட்டத்திலும் முழங்காலிட்டால் அது வெறும் சடங்காகிவிடும். இதைக் கண்டுபிடித்ததும் வீரர்கள்தான். 2021-லேயே பிரீமியர் லீக்கில் ஆடிய வில்ஃபிரட் ஸாஹா முழங்காலிடுவதை நிறுத்தி நிமிர்ந்து நின்றார். 2022 ஆகஸ்டில் பிரீமியர் லீக் கேப்டன்கள் கூடிப் பேசி, குறிப்பிட்ட சில ஆட்டங்களில் மட்டும் என்று குறைத்துக்கொண்டார்கள். தவறை எடைபோட்டுத் திருத்திக்கொள்ளும் பக்குவம் அவர்களிடம் இருக்கிறது. நாம் வாயை அடைக்க வேண்டிய அவசியமில்லை.

பலன் இல்லை என்கிறார்கள். குத்துச்சண்டை தெரிந்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறைய இருக்கிறீர்கள். வியட்நாம் போருக்குப் போக மறுத்த முகமது அலியின் பட்டத்தை 1967-ல் பறித்தார்கள். மூன்றரை ஆண்டு வளையத்துக்குள் ஏறவே விடவில்லை. துரோகி என்று திட்டிய ரசிகர்கள் லட்சக்கணக்கில். 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1980-ல் அவர் நம்ம சென்னைக்கு வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் திரண்ட கூட்டத்தில் யாராவது அவரைத் துரோகியாகப் பார்த்தார்களா? ரசிகனின் கோபத்துக்கு ஆயுள் குறைவு, ஐயா.

கடைசியாக, ரசிகர்கள் பிரிந்துபோகிறார்கள் என்ற குற்றச்சாட்டு. 2024 ஆகஸ்ட், கொல்கத்தா. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டார். 18-ந் தேதி நடக்க இருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் டூரண்ட் கோப்பை ஆட்டத்தை ரத்து செய்தார்கள். நூறு வருடப் பகை அந்த இரண்டு கிளப்புக்கும். ஆட்டமே இல்லாத அன்று மாலை, இரண்டு கொடிகளையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வெளியே நின்று நீதி கேட்டார்கள் ரசிகர்கள். மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸும் அங்கே வந்து நின்றார். மெரூன்-பச்சையும் சிவப்பு-மஞ்சளும் ஒரே தோளில் கிடந்தன.

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே. அமர்கிறேன். வணக்கம்.