தராசடிக் கழிவு

(இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் சிறு வியாபாரிகள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, கடையை அரை நாள் பூட்டிவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே,

அரை நாள் பூட்டினால் என்ன நட்டம் என்று எனக்குத் தெரியும். ஆகவே வணக்கத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்.

"பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனால் நமக்கென்ன சேர்?" என்று என்னை அழைக்க வந்த தம்பியே கேட்டார். தராசடியிலிருந்து தொடங்குகிறேன். என் அம்மா கொழுந்து பறித்தவர். மாலையில் நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். இருபத்தைந்து கிலோ பறித்தவருக்கும் இரண்டு, உடம்புக்கு முடியாமல் எட்டுக் கிலோவோடு வந்து நின்ற அம்மாவுக்கும் இரண்டு. கணக்கில் எல்லோரும் சமம். அம்மாவின் கொழுந்தில் கால்வாசியை அந்தச் சமம்தான் தின்றது.

பிரித்தானியாவில் 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்னார்கள். 2021 ஜனவரி 1 முதல் இரண்டு தரப்புக்கும் இடையே புதிய வர்த்தக உடன்படிக்கை. உள்நாட்டில் உருவான பொருளென்று காட்டினால் அதற்குத் தீர்வை கிடையாது. தீர்வைக்குப் பதிலாகக் காகிதம் வந்தது. சுங்கப் பிரகடனம், பொருள் எங்கே உருவானது என்பதற்கு அத்தாட்சி, சீஸ் என்றால் மிருக வைத்தியர் ஒப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழ். கொள்கலன் நிறைய சீஸ் ஏற்றும் கம்பனிக்கும் ஒரு சான்றிதழ்தான், பாரிஸ் கடையொன்றுக்கு ஒரேயொரு பெட்டி அனுப்பும் பண்ணைக்காரருக்கும் ஒரு சான்றிதழ்தான். பண்ணைக்காரரின் இலாபம் வைத்தியரின் கட்டணத்துக்கே போதாது.

நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் லொறியை நினைத்துப் பாருங்கள். ஒருவருடைய கரட், இன்னொருவருடைய லீக்ஸ், மூன்றாமவருடைய பீட்ரூட். வழியில் ஒரு மூட்டையில் ஏதோ பிழையென்று லொறியை மறித்தால் எல்லோருடைய மரக்கறியும் வெயிலில் வாடும். இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போகும் சிறு வியாபாரிகளின் சரக்கும் இப்படித்தான் பலரோடு கலந்து போகிறது. முழு லொறியையும் தானே நிரப்புகிறவருக்கு அடுத்தவரின் பிழையான காகிதத்தைப் பற்றிப் பயமில்லை.

பெரிய கம்பனிகளுக்கு வலிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களால் ஒன்றியத்துக்குள்ளேயே, நெதர்லாந்தில், ஒரு பண்டகசாலை எடுக்க முடிந்தது. வங்கிகள் டப்ளினிலும் பிராங்பர்ட்டிலும் அலுவலகங்களைப் பெருக்கிக்கொண்டன. லண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2024 இல் கணக்கிட்டபடி, ஏறத்தாழ 16,400 பிரித்தானிய நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டன. அடி விழுந்தது பெரும்பாலும் சிறியவற்றுக்கு.

எனக்கு எரிச்சல் மூட்டுவது இன்னொன்று. ஐரோப்பா முதல் நாளிலிருந்தே முழுச் சோதனையைத் தொடங்கியது. பிரித்தானியாவோ, உள்ளே வரும் உணவுப் பொருட்களுக்கான சோதனையைத் தவணை தவணையாகத் தள்ளி 2024 இல்தான் தொடங்கியது. அதாவது மூன்று வருடம் பிரெஞ்சு சீஸ் லண்டனுக்குள் சுகாதாரச் சோதனை இல்லாமல் வந்தது, ஆங்கிலேய சீஸ் காகிதக் கட்டோடு பாரிஸுக்குப் போனது. சொந்த வீட்டுப் பண்ணைக்காரரை இதைவிட அழகாக யாரும் கவிழ்க்க முடியாது.

உள்ளூரில் மட்டும் விற்கிறவருக்கு இந்தக் காகிதம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுங்க முகவர்களுக்கோ நல்ல காலம்.

நம் நாடு எந்தக் கூட்டமைப்பிலிருந்தும் விலகவில்லை. ஆனால் நம் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் என்ற தீர்வைச் சலுகையை 2010 ஆகஸ்டில் இழந்து, 2017 மே மாதம்தான் திரும்பப் பெற்றோம். இங்கிருந்து கட்டுநாயக்கவுக்குத் தையல் வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு அந்த எழுத்துகள் புதிதல்ல. பெரிய ஆடை நிறுவனங்கள் சிலவற்றுக்கு இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் தொழிற்சாலைகள் இருந்தன. இருபது மெசின் வைத்திருந்தவர் எங்கே போவார்?

நான் படிப்பித்த பிள்ளை ஒருத்தி ஏலக்காய் கலந்த தேயிலைத் தூளைச் சிறு பக்கற்றுகளாகக் கட்டி விற்கிறாள். முன்பெல்லாம் லண்டனிலுள்ள பெரியம்மா மகளுக்கு ஒரே பெட்டியாக அனுப்புவாள். அக்கா அதைப் பிரித்து, பாரிஸ் வாடிக்கையாளர்களுக்குச் சாதாரணத் தபாலில் போட்டுவிடுவார். இப்போது அந்தப் பெட்டி லண்டனில் ஒருமுறை, பிரான்சின் வாசலில் இன்னொருமுறை என்று சுங்கத்தை இரண்டு தடவை தாண்ட வேண்டும். கணக்குப் பார்த்துவிட்டு, இங்கிருந்தே இரண்டு பெட்டியாக அனுப்பத் தொடங்கிவிட்டாள். போன வாரம் தபால் நிலையத்தில் கண்டேன். இரண்டு பெட்டி, இரண்டு படிவம், இரண்டு தபால் செலவு. உள்ளே இருந்த தேயிலைத் தூள் மட்டும் பழைய அளவுதான்.