ரோமுக்கு விலை 3,000 பவுண்டு மிளகு! கோழி வளர்த்த பேரரசர் கதை

வணக்கமுங்க. ரோம் அழிந்துபோச்சு என்று சேதி வருகிறது. பேரரசர் ஹொனோரியஸ் பதறிப்போய், "இப்பத்தானே என் கையில் தீனி தின்னது!" என்கிறார். அவர் ஆசையாக வளர்த்த சேவலுக்கும் ரோமா என்றுதான் பெயர். போனது சேவல் இல்லைங்க, ஊரு என்று சொன்னதும்தான் அவருக்கு உயிரே வந்ததாம்.

இதை எழுதிவைத்த புரோக்கோப்பியஸ் இருந்தது நூறு வருசத்துக்கும் மேல் கழித்து, அதனால் அரண்மனைக் கிசுகிசு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் தம்ப்நெயிலில் சேவலைப் போட்டால்தானே நீங்கள் உள்ளே வருகிறீர்கள்!

சரி, பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். கி.பி. 395-இல் அப்பா தியோடோசியஸ் சாகிறார், கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி 10 வயசுப் பையன் ஹொனோரியஸுக்கு. 402 வாக்கில் தலைநகரை மிலானிலிருந்து சதுப்பு நிலம் சூழ்ந்த ராவென்னாவுக்கு மாற்றி, பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறார். நாட்டை நிஜத்தில் தாங்கியது தளபதி ஸ்டிலிக்கோ, பேரரசரின் சொந்த மாமனார். அந்த மாமனாரையே 408 ஆகஸ்டில் கொன்றுவிட்டார்கள். அதோடு விட்டார்களா? ரோமப் படையில் இருந்த அன்னிய இனத்து வீரர்களின் பெண்டாட்டி பிள்ளைகளையும் ஊர் ஊராக வெட்டினார்கள். அந்த வீரர்கள் எங்கே போவார்கள்? நேராக, கோத் என்கிற ஜெர்மானிய இனத்தின் தலைவன் அலாரிக்கிடம்.

அலாரிக் வந்து ரோமை வளைத்தான். டைபர் ஆற்று வழியை அடைத்ததும் தானியம் நின்றது. ஆளுக்குக் கொடுக்கிற உணவு பாதியாச்சு, அப்புறம் மூன்றில் ஒரு பங்காச்சு. தூது போனவர்கள், எங்கள் ஊரில் ஜனம் ஏராளம் என்று மிரட்டிப் பார்க்க, அடர்ந்த புல்லை அறுப்பது சுலபம் என்று சிரித்தானாம் அலாரிக்.

இப்பத்தான் நான் காத்திருந்த இடம். முற்றுகையை விலக்கிக்கொள்ள அவன் கேட்ட விலைப்பட்டியலைத் திரையில் பாருங்கள்: தங்கம் 5,000 பவுண்டு, வெள்ளி 30,000 பவுண்டு, பட்டு அங்கி 4,000, செஞ்சாயத் தோல் 3,000, கடைசியாக மிளகு 3,000 பவுண்டு. ஆமாங்க, நம்ம ரசத்தில் போடுகிற மிளகுதான்! ரோமானிய பவுண்டு ஏறக்குறைய 327 கிராம், அப்படியென்றால் கிட்டத்தட்ட ஒரு டன். ஒரே குட்டியானையில் ஏற்றினால் வண்டி படுத்துவிடும், ரெண்டு நடை அடிக்கணும்.

முற்றுகையில் பசியோடு கிடக்கிற ஊரில் ஒரு டன் மிளகு கிடைக்கும் என்று ஒருத்தன் நம்பிக் கேட்கிறான் என்றால், அது எவ்வளவு புழங்கியிருக்கணும்! ரோமில் மிளகுக்கென்றே தனிக் கிடங்கு கட்டியவர் முதல் நூற்றாண்டுப் பேரரசர் டொமிஷியன். எகிப்தின் செங்கடல் துறைமுகம் பெரனிகேயில், இந்தியாவில் செய்த சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு அப்படியே புதைந்து கிடந்ததைத் தோண்டி எடுத்தார்கள். யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று அகநானூறே சொல்கிறது, அது சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில். மிளகு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கத்துச் சரக்குதான், ஆனால் நம்ம நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி இழைத்தவர்களும், படியூர்ப் பச்சைக்கல்லும், பாலக்காட்டுக் கணவாயும் அதே வியாபாரத்தில் இருந்தவை. கோயம்புத்தூர்ப் பக்கத்து வெள்ளலூர்ப் புதையலில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசெல்லாம் சும்மாவா வந்தது? வெள்ளலூர்க்காரர்கள் யாராவது பார்க்கிறீர்களா, கமெண்டில் ஒரு சத்தம் கொடுங்க.

இவ்வளவையும் ரோம் கொடுத்தது. பணம் பத்தாமல் கோயில் சிலைகளை உருக்கினார்கள், அதில் வீரத்தின் தெய்வம் விர்த்துஸ் சிலையும் போச்சு. ரோமானியர்களிடம் மிச்சமிருந்த வீரமும் அன்றைக்கே போனது என்று வரலாற்றாசிரியர் சோசிமஸ் எழுதியிருக்கிறார். குசும்பு பிடித்த மனுசன்!

இதெல்லாம் நடக்கும்போது நம்ம ஆள் ஹொனோரியஸ் ராவென்னாவில். சேவல் கதைக்காக அவரைத் திட்டுகிறவர்கள் இதையும் கேளுங்கள்: அதற்குப் பிறகு அலாரிக் இறங்கி வந்து, பொன் வேண்டாம், நோரிக்கம் என்ற எல்லைப்புற மாகாணமும் வருசா வருசம் தானியமும் கொடுத்தால் போதும், உங்களுக்காகவே சண்டை போடுகிறேன் என்றான். ஏற்கெனவே தோற்றவன் காட்டுகிற வீம்பு எப்படி இருக்கும் தெரியுமா? அலாரிக்கோடு சமாதானமே கிடையாது என்று அரண்மனையில் சத்தியம் பண்ணியிருந்தார்கள், அதனால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் கணக்கில் ரோம் விழுந்தது இந்த இடத்தில். 410 ஆகஸ்ட் 24-ஆம் தேதி வாசல் திறந்தது, மூன்று நாள் கொள்ளை. அன்னியப் படை அந்த ஊருக்குள் புகுந்து கிட்டத்தட்ட 800 வருசம் ஆகியிருந்தது.

கோபம் வருகிற விசயம் என்னவென்றால், அலாரிக் அந்த வருசமே செத்துப்போனான், இவரோ 423 வரைக்கும் பேரரசராகவே இருந்து, உடம்பில் நீர் கோத்துப் படுக்கையில் செத்தார். பிள்ளை கிடையாது. ஆனால் தங்கச்சி கல்லா பிளாசிடியா இருக்கிறாரே, கோத்துகள் பிடித்துக்கொண்டு போக, அங்கேயே அவர்கள் ராஜாவைக் கட்டிக்கொண்டு, அவன் செத்த பிறகு 6,00,000 ரோமானிய அளவை தானியத்துக்குப் பதிலாகத் திரும்பி வந்தவர், அந்தம்மா கதைக்கு ஒரு வீடியோ பத்தாது. வேணுமா வேண்டாமா, சொல்லுங்க.