பதிப்பாளரிடம் என் தேர் விளையாட்டைக் காட்டிய இரவு

வணக்கம் மக்களே. பினாங்கில் இப்போது ராத்திரி மணி 12.15, வெளியே நல்ல மழை, மைக்கில் சத்தம் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிப்பாளரோடு 11 மணிக்கு ஆரம்பித்த வீடியோ கால் இப்போதுதான் முடிந்தது, ஆரம்பித்தபோது அந்தப் பக்கம் ஜெர்மனியில் மாலை 4 மணி. எல்லாம் மனதில் சூடாக இருக்கும்போதே பேசிவிடலாம் என்றுதான் கேமராவைப் போட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இரண்டு வருடமாக ஒரு போர்ட் கேம் செய்துகொண்டிருக்கிறேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் லெபோ பினாங்கு தெருவில் உள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளித்தேர் கிளம்பித் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் போகும் அல்லவா, வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், தேருக்கு முன்னால் மலை மலையாகத் தேங்காய், அதுதான் விளையாட்டு. உள்ளே ஓடுகிற கணக்கு நம்முடைய பல்லாங்குழி. வட்டமாக 12 குழி, ஒவ்வொன்றும் ஒரு பந்தல். உங்கள் முறை வந்தால் ஏதாவது ஒரு குழியில் உள்ள விதை எல்லாவற்றையும் அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசி விதை எந்தப் பந்தலில் விழுகிறதோ அந்தப் பந்தலின் வேலையைச் செய்யலாம்.

இந்த அக்டோபரில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் ஸ்பீல் என்ற போர்ட் கேம் கண்காட்சி நடந்தது. உலகத்துப் பதிப்பாளர்கள் எல்லாரும் கூடுகிற இடம் அதுதான், விளையாட்டு வடிவமைப்பாளர்கள் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து காட்டுவார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வசதிப்படவில்லை. அதனால் விளையாட்டைச் சுருக்கமாக அறிமுகப்படுத்துகிற ஒரு பக்க செல் ஷீட்டும் மூன்று நிமிட வீடியோவும் தயார் செய்து, கண்காட்சிக்கு முன்னாலேயே சில பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இருவர் பேசலாம் என்றார்கள்.

முதல் ஆளிடம் பேசியது செப்டம்பரில். அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். எனக்குக் கிடைத்தது அரை மணி நேரம், அதில் முதல் 8 நிமிடம் நான் தைப்பூசத்தையே சொன்னேன், காவடி, பால்குடம், செட்டியார்கள் கொண்டுவந்த தேர், என் அம்மாச்சி மோர் கலக்கிக் கொடுத்தது, எல்லாம். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, என் முறை வரும்போது நான் என்ன செய்வேன்?" என்றார். அந்த ஒரு கேள்விக்குச் சுருக்கமான பதில் என் கையில் இல்லை. விதையை எடுத்துக் காட்டவும் இல்லை, பெட்டி மேசைக்குக் கீழே இருந்தது. மரியாதையாக வேண்டாம் என்று எழுதினார்கள், அந்தக் கடிதத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அதனால் இன்றைக்கு இரண்டாவது பதிப்பாளரிடம் வணக்கம் சொன்ன கையோடு கேமராவை மேசைக்கு மேலே திருப்பிவிட்டேன். "2 முதல் 4 பேர், 40 நிமிடம், 10 வயதுக்கு மேல். உங்கள் முறையில் ஒரு குழியை அள்ளுவீர்கள், பாருங்கள்" என்று சொல்லி 5 விதையை எடுத்து டக் டக் டக் என்று போட்டேன். மூன்றாவது குழியில் தேர் நிற்கிறது. தேர் நிற்கிற இடத்தில் விதை விழக் கூடாது, அதற்குப் பதிலாக ஒரு தேங்காய் வைக்க வேண்டும், கையில் உள்ள விதை குறையாமல் அடுத்த குழிக்குப் போகும். அப்படி 5 தேங்காய் சேர்ந்ததும் தேர் ஒரு பந்தல் நகரும், தேங்காய் எல்லாம் பெட்டிக்குத் திரும்பும். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

உடனே அவர் கேட்டது, நான் எதிர்பார்த்த கேள்விதான். "ஃபைவ் டிரைப்ஸ் இருக்கிறதே?" 2014ல் வந்த விளையாட்டு அது, புரூனோ கத்தாலா செய்தது, அதிலும் ஆட்களை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவார்கள். அதற்கு முன்னால் 2011ல் ஸ்டெஃபான் ஃபெல்டின் டிராஜன் வந்திருக்கிறது, அதிலும் இதே குழிக் கணக்குதான். நீங்களும் ஒரு விளையாட்டைக் கொண்டுபோவதாக இருந்தால் அதே குடும்பத்து விளையாட்டுகளை ஆடிப் பார்த்துவிட்டுப் போங்கள், தெரியாத மாதிரி முழித்தால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். நான் சொன்ன பதில் இதுதான்: என் விளையாட்டில் தேர் நகர நகர எண்ணிக்கை மாறும். இப்போது 7 விதை அள்ளினால் மோர்ப் பந்தலில் முடியும் என்று நீங்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள், உங்கள் முறை வருவதற்குள் யாராவது ஐந்தாவது தேங்காயை வைத்துத் தேரை உங்கள் வழிக்குள் நகர்த்திவிட்டால் அந்தக் கணக்கு ஒரு குழி தள்ளிப் போய்விடும். அடுத்தவர் தேங்காய் வைக்கப் போகிறாரா என்று முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு இந்த விளையாட்டின் உயிரே அந்த இடம்தான்.

இதோ, இதைக் கொஞ்சம் கேமரா பக்கத்தில் காட்டுகிறேன். சாகா விதை, மஞ்சாடி என்பார்களே அதுதான். எங்கள் ரோட்டோரத்து மரத்தடியில் பொறுக்கினது, நல்ல சிவப்பு, கையில் அள்ளினால் வழுவழு என்று ஓடும், குழியில் விழும்போது ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள். இதைப் பெட்டியில் போட முடியாது என்றார் பதிப்பாளர். தாவர விதை என்றால் நாட்டுக்கு நாடு சுங்கத்தில் கட்டுப்பாடு, அதோடு பொருள்களின் பாதுகாப்புச் சோதனை வேறு. மரத்தில் கடைந்த விதை போடலாம் என்கிறார். எனக்கு வருத்தம்தான். ஆனால் சத்தம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், அதற்காக அட்டைக் குழி வேண்டாம், உள்ளே கெட்டியான தட்டு வேண்டும் என்றேன். குறித்துக்கொண்டார்.

அப்புறம் தேங்காய். பெட்டியில் 40 வைத்திருந்தேன். "ஒரே நேரத்தில் பலகையில் அதிகபட்சம் எத்தனை?" என்று கேட்டார். ஐந்து. அப்படியானால் 40 எதற்கு? குவியலாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான், வேறு காரணம் இல்லை. பொதுவாக ஒரு பெட்டியைச் செய்கிற செலவு கடை விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும் என்று பார்ப்பார்கள், அதனால் ஒவ்வொரு துண்டும் கணக்கில் வரும். ஐந்தாகக் குறைத்துவிட்டேன்.

பணத்தைப் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வடிவமைப்பாளருக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 சதவிகிதம் என்று பேசுவார்கள், அதுவும் பதிப்பாளர் கைக்கு வருகிற தொகையில். கடையில் 150 ரிங்கிட் என்றால் விநியோகஸ்தர் ஏறக்குறைய 60 ரிங்கிட்டுக்குத்தான் வாங்குவார். அதில் 6 சதவிகிதம் 3 ரிங்கிட் 60 காசு. 3,000 பெட்டி விற்றால் 10,800 ரிங்கிட். இரண்டு வருட உழைப்புக்கு அது சம்பளமாகாது, தெரிந்துகொண்டே இறங்குங்கள். ஒப்பந்தம் வந்தால் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: குறிப்பிட்ட காலத்துக்குள் அச்சடிக்காவிட்டால் உரிமை உங்களுக்கே திரும்பி வர வேண்டும்.

திருடிவிடுவார்களா என்று பயப்படுகிறவர்களுக்கு: ஆடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது, நம் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டமும் யோசனையையும் செய்முறையையும் காப்பதில்லை. நீங்கள் எழுதிய விதித்தாளுக்கும் வரைந்த படத்துக்கும் உரிமை உண்டு, விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் பதிந்து வைக்கலாம். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் காட்டுவேன் என்று நின்றால் பல பதிப்பாளர்கள் பேச்சையே முடித்துவிடுவார்கள்.

விதித்தாள் என்றதும் ஞாபகம் வருகிறது. போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு நண்பர் வீட்டில் நாலு பேரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு நான் வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் விதையை வலமாகச் சுற்றினார், பக்கத்தில் உள்ளவர் இடமாகச் சுற்றினார், பத்து நிமிடம் யாரும் கவனிக்கவில்லை. எந்தப் பக்கம் என்று நான் எழுதவே இல்லை! சின்ன வயதிலிருந்து பல்லாங்குழி ஆடின கைக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு குழிக்கும் நடுவே அம்புக்குறி போட்டிருக்கிறேன், இந்தப் பக்கம், தெரிகிறதா?

சரி, முடிவு என்ன என்றால், மாதிரிப் பெட்டி ஒன்றை அனுப்பச் சொல்லியிருக்கிறார். அவர்கள் குழுவே ஆடிப் பார்க்கும், பதில் வர மூன்று மாதம்கூட ஆகலாம். விதை அனுப்ப முடியாதே, அதனால் நாளைக்குக் காலையில் லெபோ பசார் பக்கம் போய் சிவப்பு மர மணி கிடைக்கிறதா பார்க்கப் போகிறேன், 72 வேண்டும். திங்கட்கிழமை தபாலில் போட்டாக வேண்டும். பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ இருக்கிறவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் கீழே எழுதுங்கள், பல்லாங்குழி தெரியாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது, புது விதித்தாளை அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.