26-ஆவது தேர்வு தப்பா, 62-ஆவது தேர்வு தப்பா?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு வெளியே எங்கேயும் போகவில்லை, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் பேசப்போகிறேன். முதலில் எனக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் இந்தச் சட்டத்தைப் பாருங்கள். இருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். தெரிகிறதா? இது கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் பங்குப் பத்திரம். 2021 நவம்பரில் விற்பனைக்கு விட்டபோது 300 டாலர் கொடுத்து வாங்கினேன். ஈவுத்தொகை என்று ஒரு காசு வராது. லாபத்துக்கு விற்கவும் முடியாது. ஆனாலும் இப்படி 5 லட்சம் பேருக்கு மேல் வைத்திருக்கிறோம். என்.எஃப்.எல். என்கிற இந்த லீகில் மற்ற 31 அணிகளுக்கும் பணக்கார முதலாளிகள் இருக்கிறார்கள். இந்த ஒரு அணிக்கு மட்டும் ரசிகர்கள்தான் முதலாளி.

சரி, முதலாளி என்றால் யாரை விளையாட வைப்பது என்று நாங்கள் முடிவு செய்கிறோமா? இல்லை. அது ஜெனரல் மேனேஜர் வேலை. டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசைப்படி ஆளுக்கு ஒரு தேர்வாகக் கல்லூரி வீரர்களை எடுக்கும் நிகழ்ச்சியில், யாரை எடுப்பது, யாருக்கு எத்தனை கோடி, யாரை விடுவது எல்லாம் அவர் கையில். 2018 ஜனவரியிலிருந்து அந்த நாற்காலியில் இருப்பவர் பிரையன் குட்டகன்ஸ்ட். அவர் எடுத்த ஒரு முடிவைப் பற்றி விஸ்கான்சினில் இன்னும் சண்டை ஓயவில்லை. நான் ஆப்பிள்டனில் இருக்கிறேன், பேக்கர்ஸின் லாம்போ மைதானம் இங்கிருந்து அரை மணி நேரம். பெட்ரோல் பங்க், பார்பர் கடை, பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிற வரிசை, எங்கே நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

கதையை 2020 ஏப்ரல் 23-லிருந்து தொடங்குகிறேன். கொரோனா சமயம், எல்லோரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து நடத்திய டிராஃப்ட். அதற்கு மூன்று மாதம் முன்புதான் பேக்கர்ஸ் 13 வெற்றி பெற்று, இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே, சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 37-20 என்று தோற்றிருந்தது. அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற ஆரன் ராஜர்ஸுக்கு அப்போது 36 வயது. பந்தைப் பிடிக்க டவான்டே ஆடம்ஸை விட்டால் சொல்லும்படி ஆள் இல்லை. அதனால் ஒரு ரிசீவரை எடுப்பார்கள் என்று ஊரே காத்திருந்தது. நானும் டீயை ஆற வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

30-ஆவது இடத்தில் இருந்த அணி, மயாமிக்கு நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றைக் கொடுத்து 26-க்கு ஏறியது. ஏறுகிறார்களே, கட்டாயம் ரிசீவர்தான் என்று எழுந்தே நின்றுவிட்டேன். வந்த பெயர் ஜோர்டன் லவ். யூட்டா ஸ்டேட் கல்லூரியின் குவார்ட்டர்பேக். அதற்கு முந்தைய சீசனில் அவர் எறிந்ததில் 20 டச் டவுன் (பந்து எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளியாவது), 17 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொள்வது). ராஜர்ஸிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று நானும் கத்தினேன். அதை மறைக்கப்போவதில்லை. இரண்டு வருடம் நான் பேசாத பேச்சு இல்லை. அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து இதைப் பேசுகிறேன், என் எண்ணம் பாதி மாறியிருக்கிறது. பாதிதான்.

இங்கே ரசிகர்கள் மூன்று கட்சி. ராஜர்ஸின் கடைசி நல்ல வருடங்களை குட்டகன்ஸ்ட் வீணடித்துவிட்டார் என்பது முதல் கட்சி. 2023-ஐப் பார்த்துவிட்டு, அவர் அன்றைக்கே தொலைநோக்கோடு செய்தார் என்பது இரண்டாவது. லவ் வந்த கோபத்தில்தான் ராஜர்ஸ் லீகின் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருதை அடுத்தடுத்து இரண்டு தடவை வாங்கினார் என்பது மூன்றாவது. 2020-இல் அவர் எறிந்தது 48 டச் டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன் என்பது உண்மைதான். ஆனால் கோபத்தால்தான் என்று யாரால் நிரூபிக்க முடியும்? அந்த மூன்றாவது கட்சியோடு நான் வாதாடுவதே இல்லை.

முதல் இரண்டும்தான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள நீங்கள் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் அலமாரியில் மூன்று ஜெர்சி தொங்கும். 4, 12, 10. 4 என்பது பிரெட் ஃபாவ். 1992-இல் அப்போதைய ஜெனரல் மேனேஜர் ரான் வுல்ஃப், அட்லான்டாவில் பெஞ்சில் கிடந்த அந்தப் பையனுக்காக முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையே கொடுத்தார். 2005-இல் ஃபாவ் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, அப்போதைய ஜெனரல் மேனேஜர் டெட் தாம்ப்ஸன் 24-ஆவது இடத்தில் ராஜர்ஸை எடுத்தார். அன்றைக்கும் இதே கூச்சல். மூன்று வருடம் பெஞ்ச். 2008-இல் ஃபாவ் ஓய்வு என்று அழுதார், பிறகு திரும்பி வருகிறேன் என்றார், தாம்ப்ஸன் அவரை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கோடையில் பயிற்சிக்கு வந்த ராஜர்ஸைப் பார்த்தே ஊர்க்காரர்கள் கூச்சல் போட்டிருக்கிறார்கள். பெரியவரும் அதில் ஒருவர், அவரே சொன்னது. அந்த சீசன் 6-10, அதாவது 6 வெற்றி, 10 தோல்வி. இரண்டு வருடம் கழித்து அதே ராஜர்ஸ் பிட்ஸ்பர்கை 31-25 என்று ஜெயித்து சூப்பர் பௌலைக் கொண்டுவந்தார். 12-ஆம் எண் ஜெர்சி அப்போது வாங்கியதாம்.

1992-லிருந்து 2022 வரை 31 சீசன். அத்தனைக்கும் முக்கியமான குவார்ட்டர்பேக் இரண்டே பேர்! தெற்கே மூன்றரை மணி நேரத்தில் இருக்கும் சிகாகோ பேர்ஸைப் பாருங்கள். என்.எஃப்.எல். தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் அணி. ஒரே சீசனில் 4,000 யார்டு எறிந்த குவார்ட்டர்பேக் அவர்களுக்கு இன்றுவரை அமைந்ததே இல்லை. குவார்ட்டர்பேக் போன பிறகு தேட ஆரம்பித்தால் என்ன கதி என்பதற்கு வேறு உதாரணமே வேண்டாம். கையில் நல்ல ஆள் இருக்கும்போதே அடுத்த ஆளை எடுத்து, அவசரப்படுத்தாமல் பழக்க வேண்டும். குட்டகன்ஸ்ட் தாம்ப்ஸனிடம் வேலை பார்த்தவர். வீட்டில் பார்த்த வழக்கத்தைத்தான் அவரும் செய்தார். ஆகவே 26-ஆவது தேர்வு சரி என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த 2020 டிராஃப்ட் ரிசீவர்களுக்குப் பேர்போனது. முதல் இரண்டு சுற்றில் மட்டும் 13 ரிசீவர்கள் போனார்கள். ஜஸ்டின் ஜெஃபர்ஸன் 22-இல் மினசோட்டாவுக்கு, அதுவும் நம் பிரிவிலேயே இருக்கும் எதிரிக்கு. டீ ஹிக்கின்ஸ் 33. மைக்கேல் பிட்மன் 34. பேக்கர்ஸின் அடுத்த தேர்வு 62. லவ்வுக்காக மேலே ஏறத் தெரிந்தவருக்கு இரண்டாம் சுற்றிலும் ஏறத் தெரியாதா? ஏறவில்லை. 62-இல் ஏ.ஜே. டில்லன் என்ற ரன்னிங் பேக்கை, பந்தை ஏந்தி ஓடுகிறவரை, எடுத்தார். அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆரன் ஜோன்ஸும் ஜமால் வில்லியம்ஸும் இருந்தார்கள். மூன்றாம் சுற்றில் டைட் எண்ட், மறிப்பதும் பிடிப்பதும் செய்கிறவர். ஐந்தாம் சுற்று வரை கிடந்த டார்னெல் மூனியை பேர்ஸ் எடுத்தது, மறுவருடமே அவர் ஆயிரம் யார்டுக்கு மேல் பிடித்தார். பேக்கர்ஸ் மொத்தம் ஒன்பது பேரை எடுத்தது. ஒன்பதில் ஒரு ரிசீவர்கூட இல்லை.

என் வழக்கு இதுதான். எல்லோரும் 26-ஐயே பிடித்துத் தொங்குகிறோம். கோபப்பட வேண்டிய இடம் 62. எதிர்காலத்துக்கு ஒரு தேர்வை ஒதுக்கினால், இப்போது களத்தில் இருக்கிறவருக்கு அடுத்த தேர்வைக் கொடுக்க வேண்டாமா?

இதன் விலையை நான் நேரில் பார்த்தேன். 2022 ஜனவரி 22, சனிக்கிழமை இரவு, மறுபடியும் சான் ஃபிரான்சிஸ்கோ, லாம்போவில். எங்கள் வரிசையில் பெஞ்சுப் பலகை பனியில் உறைந்து கிடந்தது. அட்டைப் பெட்டியைக் கிழித்துக் காலுக்கடியில் போட்டுக்கொண்டோம், நேராக சிமெண்டில் வைத்தால் கால் மரத்துவிடும். முதல் தடவை பந்து கைக்கு வந்ததும் மளமளவென்று போய் டச் டவுன். அதற்குப் பிறகு ஆட்டம் முடிகிறவரை மூன்றே புள்ளி. கடைசி ஐந்து நிமிடத்தில் நாம் பந்தைத் தூரமாக உதைத்துவிடும் பன்ட்டை மறித்து, பந்தை எடுத்து ஓடிப் போட்டுவிட்டார்கள். 10-10. அத்தனை ஆயிரம் பேர் இருந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது, வாயிலிருந்து வெள்ளையாகப் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. கடைசி நொடியில் அவர்களுக்கு ஃபீல்டு கோல், உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி. 13-10. முடிந்தது.

அன்று ராஜர்ஸ் எறிந்ததில் 20 பந்து பிடிபட்டது. ஆடம்ஸ் 9, ஆரன் ஜோன்ஸ் 9. மற்ற எல்லோருக்கும் சேர்த்து இரண்டு. கடைசியாகக் கிடைத்த வாய்ப்பிலும், இரண்டு பேர் மறித்து நிற்கிற ஆடம்ஸைத் தேடித்தான் எறிந்தார். இன்னொரு ரிசீவர் ஆலன் லசார்ட் அந்தப் பக்கம் தனியாக நின்றிருந்தார். அது ராஜர்ஸின் தவறு, அதையும் சொல்ல வேண்டும். பன்ட் மறிக்கப்பட்டதற்கும் 62-ஆவது தேர்வுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வேறு ஒருவரை நம்பி எறிகிற பழக்கமே அவருக்கு ஏன் வரவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முந்தைய கோடையில் அவர் பத்திரிகையாளர்கள் முன்னால் வெளிப்படையாகவே பேசினார். என் வேலையைப் பாதிக்கிற முடிவுகளில் என்னிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், பழைய வீரர்களை மரியாதையோடு அனுப்புங்கள் என்பதுதான் சாரம். அவர் கேட்டார் என்று பழைய ரிசீவர் ராண்டல் காப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுத்த மார்ச்சில் ஆடம்ஸ் லாஸ் வேகஸுக்குப் போனார். 2022 சீசனில் முதல் ஆட்டத்தின் முதல் பந்திலேயே புதுப் பையன் கிறிஸ்டியன் வாட்ஸன், கைக்கு வந்த 75 யார்டு டச் டவுனைத் தவறவிட்டான். ராஜர்ஸின் முகத்தைக் காட்டினார்கள், நான் சேனலை மாற்றிவிட்டேன். அந்த வருடம் 8-9.

2023 ஏப்ரலில் ராஜர்ஸும் ஜெட்ஸுக்கே போனார், ஃபாவ் போன அதே ஊர். நான்காவது பந்தில் குதிகால் தசைநார் அறுந்து அவருடைய சீசன் முடிந்தது. அதைப் பார்த்து இங்கே சிலர் சந்தோஷப்பட்டதை என்னால் ஏற்க முடியாது. 18 வருடம் நமக்கு ஆடியவர்.

அந்த சீசனில் அவர் இடத்தில் ஆடிய லவ் 32 டச் டவுன், 4,159 யார்டு. தொடக்கத்தில் 3-6 என்று தடுமாறி 9-8-இல் முடித்து, டாலஸுக்கே போய் 48-32 என்று அடித்தார்கள். சீசன் முடிவில் நடக்கும் நாக் அவுட் சுற்றான பிளே ஆஃபில், தர வரிசையில் ஏழாவது இடத்திலிருந்து வந்து ஜெயித்த முதல் அணி. மறுநாள் பெரியவர் லவ்வின் 10-ஆம் எண் ஜெர்சி வாங்கி வந்தார்.

முதல் கட்சிக்காரர்கள் சொல்வதில் ஒரு கணக்கு மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. டிராஃப்டில் வருகிற குவார்ட்டர்பேக் முதல் நான்கு வருடம் மலிவு. அந்த மலிவான வருடங்களில் மிச்சப்படும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம், மற்ற அணிகள் இப்போது அப்படித்தான் செய்கின்றன. லவ்வின் மலிவான வருடங்களில் மூன்று பெஞ்சிலேயே போய்விட்டன. அவர் ஆட ஆரம்பித்த வருடம், ராஜர்ஸின் பழைய ஒப்பந்தத்துக்காக மட்டும் அணி மொத்தமாகச் செலவழிக்கலாம் என்கிற சம்பள வரம்பில் 4 கோடி டாலர் அடைபட்டுக் கிடந்தது. அடுத்த ஜூலையில் லவ்வுக்கு நான்கு வருடத்துக்கு 22 கோடி. பொறுமைக்கு ஒரு விலை உண்டு, அதை நாம் கொடுத்தோம். அந்த விலை தகும் என்றுதான் நான் நினைக்கிறேன். தகாது என்கிறவர்களை முட்டாள் என்று சொல்ல மாட்டேன்.

குட்டகன்ஸ்டுக்குச் சேர வேண்டியதையும் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் டெனஸியிடமிருந்து மாலிக் வில்லிஸ் என்ற குவார்ட்டர்பேக்கை வெறும் ஏழாம் சுற்றுத் தேர்வுக்கு வாங்கினார். பிரேசிலில் நடந்த முதல் ஆட்டத்திலேயே லவ்வுக்கு முழங்கால் அடி. வந்து மூன்று வாரம்கூட ஆகாத வில்லிஸ் அடுத்த இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்தார். 2025-இல் கிரீன் பேயிலேயே டிராஃப்ட் நடந்தபோது மேத்யூ கோல்டனை எடுத்தார். முதல் சுற்றில் பேக்கர்ஸ் ஒரு ரிசீவரை எடுத்தது 2002-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்தப் பெயரைப் படித்ததும் தெருவே அதிர்ந்தது. ஐந்து வருடம் தாமதம், ஆனாலும் செய்தார்.

அப்புறம் டாலஸிடமிருந்து வாங்கிய டிஃபென்ஸ் வீரர் மைக்கா பார்ஸன்ஸ். இரண்டு முதல் சுற்றுத் தேர்வும் கென்னி கிளார்க் என்ற வீரரையும் கொடுத்து, 18.8 கோடி டாலர் ஒப்பந்தம். டிசம்பரில் டென்வரில் அவர் முழங்கால் போனது. 2026 ஜனவரியில் சிகாகோவில் பாதி ஆட்டத்தில் 21-3 என்று முன்னால் இருந்து, 31-27 என்று தோற்றோம். உடனே லவ் போதாது, குவார்ட்டர்பேக்கை மாற்று என்று ஆரம்பித்துவிட்டார்கள். அன்று லவ் எறிந்தது நான்கு டச் டவுன். நான்காவது கால் பகுதியில் மட்டும் டிஃபென்ஸ் 25 புள்ளி விட்டது, உதைத்த பந்துகளும் உள்ளே போகவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அந்தப் பக்கம் இருக்கிறது. முதல் சுற்றுத் தேர்வு இரண்டு வருடத்துக்குக் கையில் இல்லாமல் அந்த ஓட்டைகளை எப்படி அடைப்பார் என்று குட்டகன்ஸ்டைக் கேளுங்கள்.

தோற்ற மறுநாள் காலை பெரியவர் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். கோட்டுக்கு மேலே அந்த 10-ஆம் எண் ஜெர்சி. நான் போய் மறுபக்கத்திலிருந்து தள்ள ஆரம்பித்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நடுவில் சந்தித்தபோது, ஜூலையில் பங்குதாரர் கூட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். என் காரில் போகலாம் என்று முடிவாகியிருக்கிறது.