இடுப்புச் சுற்றளவும் மூளையின் கடைமடையும்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற ஆண்டு 72 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அவருடைய துணைவியார் என்னிடம் அழைத்து வந்தார். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, பேச்சும் தெளிவாகவே இருந்தது. ஆனால் பாதங்களைத் தூக்கி வைக்காமல், செருப்பு தரையில் உரசும்படி, சிறு சிறு அடிகளாக அவர் நடந்து வந்ததைக் கவனித்தேன். திரும்பி உட்காருவதற்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு அடி எடுத்து வைத்தார். நாற்பது ஆண்டுகளாக வீட்டுக் கணக்கு எழுதியவர், இப்போது பால் கணக்கைக் கூட்டத் தொடங்கிப் பாதியிலேயே நோட்டை மூடிவிடுகிறார் என்றார் அம்மையார். இரவில் உரத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பு. எடை 64 கிலோ, உயரம் 164 செ.மீ. "நான் ஒன்றும் குண்டு இல்லையே, டாக்டர்" என்றார் அவர். இஞ்ச் டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தேன். 101 செ.மீ. இருந்தது.

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் நடுவேயுள்ள நீரறைகளைச் சுற்றி, இரத்தம் போதாமல் வாடிய இடங்களைக் காட்டும் வெண்திட்டுகள் படர்ந்திருந்தன. ஆழத்தில் இரண்டு சிறு குழிகளும் தெரிந்தன. இத்தகைய குழிகள் எப்படி உண்டாகின்றன என்பதை 1960களில் பாஸ்டனில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர் ஆராய்ந்தார். இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து, ஒவ்வொரு குழிக்கும் இரத்தம் கொண்டுவந்த நுண்குழாயைப் பின்னோக்கித் தேடிச் சென்று, அதன் சுவர் தடித்து அடைபட்டிருந்ததை அவர் கண்டார். அந்த நோயாளிகளிற் பெரும்பாலோர் உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள்.

ஆற்றுப் பாசனம் அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மூளையின் மேற்பரப்பில் ஓடும் பெரிய குழாய்கள் வாய்க்கால்கள் என்றால், அவற்றிலிருந்து ஆழத்துக்குள் இறங்கும், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுடைய நுண்குழாய்கள் கண்ணிகள், அதாவது வயலுக்குப் பிரியும் சிறு கிளைக் கால்கள். கண்ணி தூர்ந்தால் அருகிலுள்ள இன்னொன்றிலிருந்து போதிய நீர் வந்து சேராது. நீரறைகளை ஒட்டிய வெண்பகுதியோ கடைமடை, நீர் கடைசியாக வந்து சேரும் வயல். வரத்து சற்றுக் குறைந்தாலும் முதலில் வாடுவது அதுதான். நடையையும், திட்டமிடும் திறனையும், மனத்தின் விரைவையும் ஒருங்கிணைக்கும் நரம்பு இழைகள் அந்தக் கடைமடையில்தான் ஓடுகின்றன. ஆகவே நினைவு பெரிதாக மங்குவதற்கு முன்பே நடை தளர்கிறது, கணக்குத் தடுமாறுகிறது, சிறுநீர் அவசரம் கூடுகிறது. இவற்றை "வயசாயிற்று" என்று நாம் ஒதுக்கிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இதில் வயிற்றுக்கு என்ன பங்கு? குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பு வெறும் சேமிப்பு அன்று. அது கொழுப்பு அமிலங்களை நேரே கல்லீரலுக்கு அனுப்புகிறது, அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் கலக்கிறது, இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது, அழுத்தத்தையும் உயர்த்துகிறது. இவற்றால் குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும் திறனை அதன் உட்சுவர் இழக்க, மூளை கூடுதல் இரத்தம் கேட்கும் வேளையில் குழாய் விரிந்து கொடுப்பதில்லை. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும்போது உயிர்வளி இறங்குவதும் அழுத்தம் எகிறுவதும் இரவெல்லாம் மாறி மாறி நிகழ்கின்றன.

தெற்காசியர்களாகிய நமக்கு எடை அதிகம் ஏறாமலேயே இந்தக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. ஆதலால்தான் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என இடுப்பின் எல்லை நமக்குக் குறைவாக வகுக்கப்பட்டுள்ளது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்ட பின், வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிரிட்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேரை 1985 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 50 வயதில் உடற்பருமன் உடையவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் அதிகம் வந்தது. 60, 70 வயதுப் பருமனுக்கு அத்தகைய தொடர்பு தெரியவில்லை. முதுமையில் பருமன் நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நோய் கண்டறியப்படுவதற்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முன்பிருந்தே அந்நோயாளிகளின் எடை மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. எனவே முயலாமலே எடை குறைந்தால் மகிழாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். பட்டினி கிடந்து எடையைக் குறைப்பதும் வேண்டாம். முதியவருக்கு அதனால் கொழுப்போடு தசையும் கரையும், விழுவதற்கும் வழி பிறக்கும். சோற்றைச் சற்றுக் குறைத்துப் பருப்பு, முட்டை, மீன், சுண்டல் சேர்த்துக்கொள்ளுங்கள். நடையோடு தசைக்கான பயிற்சியும் செய்யுங்கள்.

இரத்த அழுத்தம் பற்றி உறுதியான சான்று இருக்கிறது. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மேல் அளவை 120க்குக் கீழ் கொண்டுவர முயன்றவர்களின் வெண்திட்டுகள் நான்கு ஆண்டுகளில் சராசரியாக 0.92 கன செ.மீ. வளர்ந்தன; 140ஐ இலக்காகக் கொண்டவர்களுக்கு 1.45. அதில் சர்க்கரை நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. எழுந்து நின்றால் தலைசுற்றுபவர்களும் உண்டு. ஆகையால் தங்கள் இலக்கை அவரவர் மருத்துவரோடு பேசியே முடிவு செய்ய வேண்டும்.

எட்டு மாதம் கழித்து அந்த ஆசிரியர் வந்தார். மூச்சுத் தடைக்கான முகமூடிக் கருவிக்கு ஒருவாறு பழகியிருந்தார். எடை மூன்று கிலோ குறைந்திருந்தது, இடுப்பு 96க்கு இறங்கியிருந்தது. வெண்திட்டுகள் மறையும் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுத்ததில்லை. அவை மறையவும் இல்லை. அம்மையார் பால் கணக்கு நோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அந்த மாதத்துக் கணக்கு ஆசிரியரின் கையெழுத்திலேயே கூட்டி முடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில், தேதிவாரியாக, காலையில் எடுத்த இரத்த அழுத்தம்.